கண்டி மலைநாட்டிற் சிற்றலை வானொலி: கேட்போர் பக்கத்து வரலாறு

முன்னுரை

இலங்கை ஒலிபரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஒலிபரப்புக் கூடத்திலிருந்தே தம் கதையைத் தொடங்குவர். நிலையம் எந்த ஆண்டு தொடங்கியது, அதனைத் திறந்துவைத்த தேசாதிபதி யார், எந்த அறிவிப்பாளரின் குரல் மக்களைக் கவர்ந்தது என்பன விரிவாகக் கூறப்படும். அக்குரலைக் கேட்டவர் அதனை எவ்வாறு கேட்டார் என்னும் வினா அங்கு எழுவதில்லை. உலகின் எம்மூலைச் செய்தியும் நொடிப்பொழுதிற் கைக்குள் வந்துசேரும் இக்காலத்தில், கேட்பதற்கென்றே ஒரு முயற்சி வேண்டியிருந்தது என்பது மாணவர்க்கு விளங்குவதும் அரிதாகிவிட்டது.

கண்டிமாநகருக்கும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலந் தொடக்கம் பல பத்தாண்டுகள் தொலைதேசச் செய்தி வந்துசேர்ந்த பெருவழி சிற்றலை வானொலியாகும். அவ்வழி தானாகத் திறந்துவிடவில்லை. மலையும் இடியும் ஈரமும் மின்சாரமின்மையும் குறுக்கே நின்றன. அவற்றையெல்லாம் அறிந்து, அறிந்ததற்கேற்பக் கம்பியைக் கட்டி, நேரத்திற்கேற்ப அலைவரிசையைத் தேர்ந்தவருக்கே தெளிவான குரல் கிடைத்தது. பழைய சிற்றலைப் பெட்டி நன்கு கேட்டது பெட்டியின் சிறப்பால் ஒரு பங்கும், கேட்போரின் அறிவால் மூன்று பங்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவ்வாறு செம்மையாகக் கேட்பது மலைநாட்டுத் தமிழர்க்கு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

ஒலிபரப்பின் தொடக்கம்

இலங்கையின் ஒலிபரப்புக்கு வித்திட்டவர் 1921ஆம் ஆண்டு தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹார்ப்பர் என்பார். 1923ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் உதவியாளரும் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறியதோர் அறையிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினர். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டே அந்த ஒலிபரப்பி ஆக்கப்பட்டதெனக் கூறுவர். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் அவர்களால் கொழும்பு வானொலி முறையாகத் தொடக்கிவைக்கப்பட்டது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் தன் பணியைத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது.

ஆயினும் கொழும்பிலிருந்து தரையோடு தவழ்ந்துவரும் அலை கண்டியை அடைவதற்குள் வலிகுன்றிவிடும். மலையும் பாறையும் நிறைந்த நிலம் மின்னலையை விரைவில் உறிஞ்சும் இயல்பினது. கடல்நீர் அதனை எளிதிற் கடத்துவதாலேயே, 1939ஆம் ஆண்டு மே 16இல் தொடங்கிய திருச்சி வானொலியை யாழ்ப்பாணத்தவர் அண்டை வீட்டுக் குரல்போற் கேட்க முடிந்தது. மலைநாட்டவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்தம் பார்வை நிலத்தை விட்டு வானத்தை நோக்கித் திரும்பியதில் வியப்பில்லை.

வானத்தின் வழியாக அலைகள் வளைந்து செல்லும் என்ற கருத்தைக் கென்னலி, ஹெவிசைட் என்னும் இருவரும் 1902ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். பூமிக்கு மேலே மின்னூட்டம் பெற்ற காற்றுப்படலம் ஒன்று உண்மையாகவே உளது என்பதை 1924ஆம் ஆண்டில் அப்பிள்டன் சோதனை வாயிலாக நிறுவினார். அப்பணிக்காக 1947ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். அயன மண்டலம் என நாம் இன்று வழங்கும் அப்படலத்தில் மோதித் திரும்பும் சிற்றலையைக் கொண்டு, 1932ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆந் திகதி இலண்டன் தன் பேரரசுச் சேவையைத் தொடங்கியது. 1941ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி அங்கிருந்து தமிழும் ஒலிக்கலாயிற்று. அத்தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ எனப் பெயர் சூட்டியவர் நம் நாட்டவரான சோ. சிவபாதசுந்தரம் அவர்கள். இலங்கை வானொலியிலும் இலண்டனிலும் பணியாற்றிய அவர் 1954ஆம் ஆண்டில் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை வெளியிட்டார். ஒலிபரப்பு ஒரு கலையென்பதைத் தமிழுலகுக்கு உணர்த்திய நூல் அது. கேட்பதும் ஒரு கலையே என்பதை அடுத்துவரும் பகுதிகளிற் காணலாம்.

போர்க்காலத்திற் கண்டி

1943ஆம் ஆண்டில் தென்கிழக்காசியப் படைத்தலைமை அமைக்கப்பட்டு, மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தலைவராக நியமிக்கப்பெற்றார். தொடக்கத்தில் டெல்லியில் இயங்கிய தலைமையகம் 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரநிழல்களில் அலுவலகக் கொட்டில்கள் எழுந்தன. பர்மா தொடக்கம் சுமாத்திரா வரையிற் பரந்த போர்க்களத்தின் ஆணைகள் மகாவலியின் வளைவொன்றிலிருந்து பிறந்தன.

அப்படைவீரர்க்குச் செய்தியும் பாட்டும் வழங்குவதற்காக 1944ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றியதே ‘றேடியோ சியாக்’ என்னும் சிற்றலை நிலையம். 7.5 கிலோவாற்று வலுவுடன் தொடங்கிய அந்நிலையத்திற்கென, ஜா-எலவை அடுத்த ஏக்கலையில் 100 கிலோவாற்று வலுக்கொண்ட மார்க்கோனி ஒலிபரப்பி நிறுவப்பட்டு 1946ஆம் ஆண்டிற் பணிபுரியத் தொடங்கிற்று. போர் முடிந்தது, தலைமையகம் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது, ஒலிபரப்பி மட்டும் ஏக்கலையிலேயே நின்றது. 1949ஆம் ஆண்டில் நிலையம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. போருக்கெனச் செய்த கருவி பாட்டுக்குப் பயன்பட்ட அரிய நிகழ்ச்சி இதுவாகும்.

அதன் விளைவு ஆசியா எங்கும் கேட்டது. 1950ஆம் ஆண்டில் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டில் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அவர்களின் காலத்திற் திரையிசை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கப்பட்டதும், பாரத நாட்டவர் தம் பெட்டிகளின் முள்ளை இலங்கை பக்கம் திருப்பினர். அமீன் சயானி தொகுத்தளித்த பினாக்கா கீதமாலா 1952ஆம் ஆண்டு தொடக்கம் 25, 41 மீற்றர் அலைவரிசைகளில் வட இந்தியாவை ஆட்கொண்டது. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் தமிழ் அறிவிப்பைத் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகள் காத்திருந்து கேட்டன. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி விவித பாரதி தொடங்கப்பட்டது இந்தப் போட்டியின் காரணமாகவே.

மலையும் அலையும்

இங்கு ஒரு முரண்பாட்டை நோக்க வேண்டும். ஏக்கலைக்கும் கண்டிக்கும் இடையே வான்வழித் தூரம் நூறு கிலோமீற்றருக்கும் குறைவு. பம்பாய் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. ஆயினும் 25 மீற்றர் வரிசையில் ஏக்கலையின் ஒலி பம்பாயிற் கணீரெனக் கேட்க, கண்டியிற் பெரும்பாலும் நலிந்து நடுங்கிக் கேட்கும். காரணம் எளிது. உயர் அதிர்வெண் கொண்ட அலை செங்குத்தாக மேலே செல்லுமாயின், அயன மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குச் சென்றுவிடும். சாய்ந்து செல்லும் அலையே திரும்பி வரும். அது வந்திறங்கும் இடமோ தொலைவானது. தரையலை தேய்ந்து முடியும் இடத்திற்கும் வானலை முதன்முதல் இறங்கும் இடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை ‘பாய்ச்சல் வலயம்’ எனலாம். உயர் வரிசைகளைப் பொறுத்தவரை கண்டி அவ்வலயத்தினுள்ளேயே கிடந்தது.

தாழ்ந்த அதிர்வெண் இவ்வாறு துளைத்துச் செல்வதில்லை. 60 மீற்றரை அண்டிய வரிசையிலே செல்லும் அலை செங்குத்தாக ஏறினும் செங்குத்தாகவே திரும்பி வரும். வெப்பவலய நாடுகளின் உள்நாட்டுச் சேவைக்கென அவ்வரிசை ஒதுக்கப்பட்டதும், இலங்கை வானொலி அதனைப் பயன்படுத்தியதும் இதனாலேதான். தலைக்கு மேலிருந்து இறங்கும் அவ்வலைக்கு அந்தானையும் நக்கிள்சும் தடையல்ல. பள்ளத்திலுள்ளவரும் முகட்டிலுள்ளவரும் அதற்குச் சமம். ஆயின் இவ்வரிசையிலேதான் இடிமின்னலின் இரைச்சலும் மிகுதி. ஏப்பிரலிலும் ஒக்டோபரிலும் பருவக்காற்று மாறும் நாட்களிற் பின்னேரந்தோறும் மலைநாட்டில் இடி குமுறும்போது, 60 மீற்றர் வரிசையிற் செய்தி கேட்பது அடைமழையிற் தகரக்கூரையின் கீழிருந்து பாடங் கேட்பது போன்றதாம்.

இலண்டன் போன்ற தொலைநிலையங்களின் நிலை வேறு. அவற்றின் அலை தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் வருவது. கண்டி வாவியைச் சூழ்ந்த பள்ளத்தில் மலைவரம்பு அக்கோணத்தைச் சற்று மறைக்கும். மேட்டுச் சரிவில் அம்மறைப்பு இல்லை. தோட்டங்களில் துரைமார் பங்களாக்கள் பெரும்பாலும் முகட்டிலும், தொழிலாளர் லயங்கள் தாழ்விலும் அமைந்திருந்தன. வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வு வானொலியின் கேள்விக்கும் பொருந்திற்று என்பது வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

காலமும் அலைவரிசையும்

ஞாயிற்றின் ஒளியே அயன மண்டலத்தை ஆக்குவது. ஆதலின் பகலில் ஒரு வரிசையும் இரவில் ஒரு வரிசையும் சிறந்து நிற்கும். பொதுவாகப் பகலில் 13, 16, 19 மீற்றர் வரிசைகளும், மாலையில் 25, 31 மீற்றர் வரிசைகளும், இரவு முதிர முதிர 41, 49, 60 மீற்றர் வரிசைகளும் தொலைவொலிக்கு ஏற்றன. பொழுது புலரும் வேளையிலும் சாயும் வேளையிலும், பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, வழக்கத்திற் கேளாத நிலையங்களுஞ் சிறிது நேரம் தெளிந்து கேட்கும். இவ்வொழுங்கை அறியாதவர் நண்பகலில் 49 மீற்றரைத் துழாவிவிட்டுப் பெட்டி பழுதென்று கடைக்கு எடுத்துச் செல்வார். அறிந்தவர் முள்ளை நான்கு விரற்கடை நகர்த்தி அதே பெட்டியில் உலகைக் கேட்பார்.

இதனினும் நீண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றின் கரும்புள்ளிகள் பெருகிக் குறையும். அவை பெருகும் ஆண்டுகளில் உயர் வரிசைகள் உயிர்பெறும். 1957, 1958ஆம் ஆண்டுகளில் ஏற்பட்ட உச்சம், கரும்புள்ளிகளை எண்ணத் தொடங்கிய காலந்தொட்டுப் பதிவானவற்றுள் மிகப் பெரியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆசியாவெங்கும் புகழோங்கிய காலமும் அதுவே. அறிவிப்பாளரின் திறமைக்கு ஞாயிறும் துணைநின்றது எனின் மிகையாகாது.

பெட்டியின் உள்ளமைப்பு

அக்காலத்து வீடுகளிலே பிலிப்ஸ், மர்பி, பை, புஷ், ஜி.ஈ.சி. முதலிய பெயர்களைத் தாங்கிய மரப்பெட்டிகள் வரவேற்பறையின் நடுவிடத்தைப் பெற்றன. இவை யாவும் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்கர் 1918ஆம் ஆண்டிற் கண்ட சுப்பர்ஹெற்றரடைன் முறையைத் தழுவியவை. வந்தடையும் அலையைப் பெட்டிக்குள்ளே பிறக்கும் மற்றோர் அலையோடு கலந்து, ஏறத்தாழ 455 கிலோசைக்கிள் என்னும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்குவதே அம்முறை. ஈ.சி.எச். 81 போன்ற வால்வு கலக்கும் பணியையும், ஈ.எல். 84 போன்றது ஒலிபெருக்கியை இயக்கும் பணியையுஞ் செய்தன. முள் நிலையத்தின்மேற் சரியாக நின்றதா என்பதைப் பச்சையொளியின் இடைநிழல் குறுகிக் காட்டும் ‘மாயக்கண்’ சில பெட்டிகளிற் பொருத்தப்பட்டிருந்தது.

இம்முறைக்குச் சிற்றலையில் ஒரு குறையுண்டு. கலக்கும் வால்வுக்கு முன்னே தனியாகப் பெருக்கும் வால்வு இல்லாத மலிவான பெட்டியில், ஒரே நிலையம் முகப்புத் தட்டில் ஈரிடத்திற் தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி இடைநிலை அதிர்வெண்ணின் இருமடங்கு, அதாவது 910 கிலோசைக்கிள் அளவு. உண்மையான இடத்திற் குரல் வலிதாயிருக்கும். நிழலிடத்தில் வேறு நிலையத்தோடு பிணங்கிச் சீழ்க்கையடிக்கும். ஆதலின் விலையுயர்ந்த பெட்டியை நாடுவோர் முதலில் முன்பெருக்கி வால்வு உண்டா என வினவுவர். அடுத்து, நெருங்கிக் கிடக்கும் நிலையங்களை விரித்துக் காட்டும் சிற்றலைப் பிரிவுகள் எத்தனை என நோக்குவர்.

ஏரியலும் நிலக்கம்பியும்

பெட்டி எத்துணைச் சிறந்ததாயினும், ஏரியல் இன்றேல் அது செவிடு. மலைநாட்டு வீடுகளிலும் லயங்களிலும் தகரக்கூரை மிகுதி. தகரம் மின்னலையைத் தடுக்குமாதலின் வீட்டினுள் முழக்கணக்கிற் கம்பி கட்டியும் பயன் சிறிது. கூரைக்கு வெளியே, கூரையினும் உயர்வாக, இரு மரங்களுக்கிடையே செப்புக் கம்பியை இழுத்து, இருமுனையிலும் பீங்கான் காப்பிகளைக் கோத்துக் கட்டுவதே முறை. சவுக்கும் சபுக்கும் நிறைந்த தோட்டங்களில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மரம் காற்றில் ஆடும்போது கம்பி அறாதிருக்கச் சற்றுத் தளரவிட்டுக் கட்டவேண்டும்.

கம்பியின் நீளமும் கணக்கிற்குரியது. 31 மீற்றர் வரிசைக்கு ஏறத்தாழ 15 மீற்றர் நீளமும், 60 மீற்றர் வரிசைக்கு ஏறத்தாழ 29 மீற்றர் நீளமும் அரையலை அளவாகும். எல்லா வரிசைகளையுங் கேட்க விரும்புவோர் 15 தொடக்கம் 20 மீற்றர் வரையிலான ஒற்றைக் கம்பியே போதுமெனக் கொள்வர். அரையலைக் கம்பி தன் பக்கவாட்டிலிருந்து வரும் அலையையே நன்கு ஏற்கும். இலண்டன் கண்டிக்கு வடமேற்கில் உள்ளதாதலின், அதனைக் கேட்க விரும்புவோர் கம்பியை வடகிழக்கு தென்மேற்காக இழுத்தல் வேண்டும். புவியியற் பாடத்தில் திசையறியக் கற்ற மாணவனுக்கு இதனினும் சிறந்த செய்முறைப் பயிற்சி இருந்திருக்க முடியாது.

நிலக்கம்பியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மூன்று நான்கு அடி நீளமுள்ள செப்புக்கோலை ஈரநிலத்தில் அடித்திறக்கி அதிலிருந்து தடித்த கம்பியைப் பெட்டிக்குக் கொணர்ந்தால், இரைச்சல் தணிந்து குரல் மேலெழும். கிணற்றடியும், லயங்களிற் பீலியடியும் இதற்கேற்ற இடங்கள். பாறைநிலத்திற் கோடையில் நீரூற்றி ஈரங் காக்க வேண்டும். இடிகாலத்தில் ஏரியலைப் பெட்டியிலிருந்து விலக்கி நிலக்கம்பியோடு இணைக்கும் இருபக்க ஆளி சன்னலுக்கு வெளியே பொருத்தப்படும். வானத்தில் முதல் முழக்கம் கேட்டதும் ஆளியைத் திருப்புவது வீட்டுப் பிள்ளையின் கடமையாயிருந்தது.

மின்சாரமில்லா லயங்கள்

இலக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மலைநாட்டு நீர் தந்த மின்சாரம் மலையைக் கடந்து கொழும்பை அடைந்தது. அதே மலையிலே வாழ்ந்த தொழிலாளரின் லயங்களுக்கு அது வந்துசேரப் பல பத்தாண்டுகள் சென்றன. ஆதலின் தோட்டத்து வானொலி பற்றறியையே நம்பியிருந்தது. டி.கே. 92, டி.எஃப். 91 முதலிய சிறு வால்வுகள் ஒன்றரை வோல்ற்றுக்கும் குறைவான இழைமின்னழுத்தத்திலும் 90 வோல்ற்று உயரழுத்தத்திலும் இயங்கின. இரண்டையும் ஒருங்கே தரும் பெரிய பற்றறிக் கட்டு தீர்ந்துவிட்டால் அடுத்த சம்பள நாள் வரை பெட்டி மௌனம். எந்நேரமுங் கேட்கவியலாத அந்நிலையில், எந்த நிகழ்ச்சியை எந்த நேரத்தில் எந்த வரிசையிற் கேட்பது என முன்கூட்டியே துணிந்து, அந்நேரம் மட்டும் திறந்து மூடுவதே சிக்கனம்.

இதே இடர்ப்பாடு ஆபிரிக்காவிலும் இருந்தது. வட ரொடீசியாவின் சுரங்கத் தொழிலாளருக்கும் கிராமத்தவர்க்குமென 1949ஆம் ஆண்டில் எவர்றெடி நிறுவனம் சட்டி வடிவக் கூட்டிற் பொருத்திய நான்கு வால்வுச் சிற்றலைப் பெட்டியை வெளியிட்டது. அதன் விலை 5 பவுண், பற்றறி வேறு. வறியவனுக்கேற்ற பெட்டியை அங்கே அரசும் ஆலையும் கூடிச் சிந்தித்தன. நம் மலைநாட்டில் அச்சிந்தனை எழாமையால், கங்காணியார் வீட்டுப் பெட்டியோ தேநீர்க் கடைப் பெட்டியோ ஊர்ப்பெட்டியாயிற்று. 1950களின் நடுப்பகுதியிற் பிறந்த திரான்சிஸ்டர் வானொலி அடுத்த பத்தாண்டிற் பரவிய பின்னரே, தனியொரு குடும்பம் தன் அறையிலிருந்து உலகைக் கேட்கும் நிலை பொதுவாயிற்று.

கேட்க வேண்டிய கட்டாயம்

இத்தனை முயற்சியும் பாட்டுக்காகவோ என வினவலாம். பாட்டும் மனிதனுக்கு வேண்டியதே. ஆயின் மலைநாட்டுத் தமிழர்க்கு வானொலிச் செய்தி வெறும் பொழுதுபோக்கன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் டெல்லியிற் கைச்சாத்தானது. 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என்றும் அதில் வகுக்கப்பட்டது. எஞ்சியோரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென்ற முடிவு 1974ஆம் ஆண்டிலேதான் வந்தது.

தம்மை யாரும் கேளாமலே தம் தலைவிதி டெல்லியிலும் கொழும்பிலும் எழுதப்பட்ட மக்களுக்குச் செய்தியைப் பிழையறக் கேட்பது எத்துணை முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. நகரத்தவர் கையில் விடியலிற் கிடைக்கும் பத்திரிகை தோட்டத்து மேட்டுக்கு ஏறிவரப் பொழுது சென்றுவிடும்; எழுத்தறியாதோருக்கு அதுவும் பயன்படாது. ஆனாற் சிற்றலைப் பெட்டி ஒன்று கொழும்பு சொல்வதையும், டெல்லி சொல்வதையும், இலண்டன் சொல்வதையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்புநோக்க இடந்தந்தது. மூன்றும் ஒன்றுபட்டால் நம்பலாம், வேறுபட்டால் ஐயுறலாம். இரைச்சலில் ஓர் எண் மறைந்தால் பொருளே மாறிவிடும் செய்திகள் அவை. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலும் அதனைத் தொடர்ந்த போர்க்காலத்திலும், தமிழோசையைக் கேட்பதற்கென இலங்கைத் தமிழர் இரவுதோறும் முள்ளைத் திருப்பிக் காத்திருந்தனர் என்பது இந்நாட்டு முதியோர் பலரும் அறிந்தது. வரலாற்றாசிரியன் சான்றுகளை ஒப்பிட்டு உண்மை காண்பதாகச் சொல்கின்றோம். எழுதப் படிக்க அறியாத தோட்டத் தொழிலாளி தேநீர்க் கடை வானொலியின் முன்னமர்ந்து செய்ததும் அப்பணியேயாகும்.

இன்று பழைய பெட்டியைப் பேசவைப்பது எவ்வாறு?

காலம் மாறிற்று. அவுஸ்திரேலிய வானொலி 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதியுடன் சிற்றலையை நிறுத்திற்று. அதே ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவையும் 76 ஆண்டுகளுக்குப் பின் ஓய்ந்தது. எனினும் உலகின் சில நிலையங்கள் இன்றும் சிற்றலையில் ஒலிக்கின்றன; 2024ஆம் ஆண்டில் ஞாயிறு மற்றோர் உச்சக் கட்டத்தை எட்டியதாக விஞ்ஞானிகள் அறிவித்தனர். பரணிற் கிடக்கும் பாட்டனாரின் பெட்டியை மீண்டும் பேசவைக்க விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புக்கள் பயன்படும்.

பல்லாண்டு மூடிக்கிடந்த பெட்டியை உடனே மின்சாரத்தில் மாட்டலாகாது. மின்னழுத்தம் தேர்கின்ற தட்டு 230 வோல்ற்றில் உள்ளதா என முதலில் நோக்குக. வடிகட்டும் மின்பகு கண்டென்சர்கள் வலுவிழந்திருக்கும். அவற்றையும் கடதாசிக் கண்டென்சர்களையும் புதுக்குதல் நலம். அவற்றுள்ளும் ஒலிபெருக்கி வால்வின் முன்னே நிற்கும் ஒரு சிறு கடதாசிக் கண்டென்சர் கசியுமாயின், அவ்வால்வும் மின்மாற்றியும் எரிந்துபோகும். முதன்முறை இயக்கும்போது 60 வாற்று இழைமின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைப்பின், பழுதிருந்தால் குமிழ் பிரகாசித்து எச்சரிக்கும். மின்மாற்றி இல்லாத பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகத் தட்டிலேயே மின்சாரம் பாயக்கூடும். அவற்றைக் கைதேர்ந்தவரன்றி வேறெவரும் திறத்தல் கூடாது, நிலக்கம்பியை நேரே இணைத்தலும் கூடாது.

மத்திய அலை நன்கு கேட்டுச் சிற்றலை மட்டும் கேளாதாயின், இரண்டு காரணங்களை முதலில் ஐயுறுக. ஒன்று, கண்டியின் ஈரக்காற்றிற் களிம்பேறிய அலைமாற்றி ஆளி. அதனைத் துடைத்தாலே பாதிப் பெட்டிகள் உயிர்பெறும். மற்றொன்று, கலக்கும் வால்வின் மூப்பு. தாழ்ந்த அதிர்வெண்ணில் தள்ளாடியேனும் இயங்கும் முதிய வால்வு உயர் அதிர்வெண்ணிற் தன் அலையைப் பிறப்பிக்க மாட்டாது நின்றுவிடும். இடைநிலைச் சுருள்களின் திருகாணிகளைக் கருவியின்றித் திருப்புவது பெரும் பிழை. அவை பெரும்பாலும் ஆலையில் வைத்த நிலையிலேயே சரியாக இருக்கும்.

இவையெல்லாம் செய்தபின்னும் இரைச்சல் மிகுந்தால், குற்றம் பெட்டியுடையதாகாது. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் சிற்றலையில் இடியினும் கொடிய இரைச்சலைப் பரப்புவன. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். ஏரியலை வீட்டிலிருந்து விலக்கித் தோட்டத்து மரத்துக்குக் கொண்டுசெல்வது இன்று முன்னையிலும் தேவை. அயலில் மின்தடை ஏற்படும் இரவே பழைய பற்றறிப் பெட்டிக்குப் பொன்னான இரவு.

முடிவுரை

திருவள்ளுவர் கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் இடையே கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கல்லாதவனும் கேட்டு அறிவுடையவனாகலாம் என்பது அவ்வைப்புமுறையாற் புலனாகும். கண்டி மலைநாட்டின் சிற்றலை வரலாறு அதற்கொரு சான்று. ஏக்கலையின் 100 கிலோவாற்று ஒலிபரப்பியைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. சவுக்கு மரத்திற் கம்பி கட்டி, பீலியடியிற் செப்புக்கோல் அடித்து, இடி ஓயக் காத்திருந்து, மூன்று நாட்டுச் செய்தியையும் ஒப்பிட்டுத் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் துணிந்தவரைப் பற்றி நூலில்லை. அவர்களுட் சிலர் இன்னும் நம்மிடையே உளர்.

இக்கல்லூரி மாணவர் தத்தம் ஊரில் அத்தகைய முதியோரை அணுகி, எந்தப் பெட்டியில், எந்த வரிசையில், யாருடைய வீட்டில், எந்தச் செய்தியைக் கேட்டனர் என வினவி எழுதிவைப்பாராயின், நம் நாட்டு வரலாற்றிற்கு அது பெருந்தொண்டாகும். இயக்கக்கூடிய பழைய பெட்டியொன்று பள்ளிக்கூடத்தின் பௌதிக ஆய்வுகூடத்திலே ஏரியலோடு இருக்குமானால், வரலாற்றாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே பாடத்தைக் கூடிநின்று கற்பிக்கலாம்.